நோட்டீஸ்காரன் வீடு: ஒரு வாரிசு வழக்கின் நிகழ்வு ஆய்வு

மதுரையில் வக்கீல் தொழில் பார்க்கும் எனக்குப் பெரும்பாலும் பாகப்பிரிவினை, வாரிசுத் தகராறுகள்தான் வரும். பதிப்புரிமை வழக்கு எப்போதாவது ஒன்று. இரண்டும் ஒரே கட்டில் வந்த வழக்கு இது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஊர், உசிலம்பட்டி போகும் வழியில் ஒரு கிராமம், அவ்வளவு போதும்.

வழக்குக்குக் காரணமானவர் 1971-ல் இறந்துபோன ஓர் எழுத்தாளர். 1940-களில் துப்பறியும் தொடர்கதைகள் எழுதினார். புது மண்டபத்துப் புத்தகக் கடைகளில் பெரிய எழுத்துக் கதைகளுக்குப் பக்கத்தில் அவருடைய மலிவுப் பதிப்புகளும் கிடந்தன. கதை ஓடியது, காசு வரவில்லை. 1950-களின் தொடக்கத்தில் நாலு பக்க வார இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதில்தான் ஆள் கெட்டார்.

அந்தக் காலத்து மஞ்சள் பத்திரிகை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ என்று சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்தவர். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவரைக் குத்திக் கொன்றார்கள். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல்தான் விடுதலையானார்கள். கொலை அத்தனை பெரிய சேதியாகியும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. நம் ஆள் அதை உள்ளூர் அளவில் செய்தார். அச்சுக்கோத்ததும் எடுக்கும் புரூஃப் தாளை, யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவருக்கே அனுப்புவார். பணம் வந்தால் அச்சு கலையும். வராவிட்டால் சனிக்கிழமை கடைக்கு வந்துவிடும். அந்தத் தாளுக்கு ஊரில் ‘நோட்டீஸ்’ என்று பெயர். மாசி வீதி ஜவுளி வியாபாரி ஒருவர் நோட்டீஸை அப்படியே போலீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். 1955-ல் மிரட்டிப் பணம் பறித்த குற்றத்துக்குப் பதினெட்டு மாதத் தண்டனை. அரசரடி மத்திய சிறை. மேல்முறையீடும் தோற்றது.

வெளியே வந்தவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தார். சாகும்வரை தன் பெயரில் ஒரு வரி எழுதவில்லை.

இனிப் பிள்ளைகளுக்கு வருகிறேன். மூத்தது மகள், இளையது மகன். அப்பா சிறைக்குப் போனபோது மகனுக்கு ஏழு வயது. தாய்மாமன் வந்து தங்கச்சியையும் இரண்டு பிள்ளைகளையும் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். பையனைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தகப்பன் பெயர் கேட்க, மாமன் யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பையனின் இனிஷியல் மாறியது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், பணிப் பதிவேடு, ஓய்வூதிய ஆணை, ஆதார் எல்லாவற்றிலும் மாமன் பெயர்தான். பையன் பிற்பாடு தலைமை ஆசிரியராகி ஓய்வு பெற்றவர். இனி அவரை ஐயா என்றே சொல்கிறேன்.

அக்காவின் நிலைமை வேறு. அவர் அதற்கு முன்பே ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர். காகிதத்தில் அப்பா பெயர் அப்படியே இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, ‘போய் சேதி சொல்லி அனுப்புறோம்’ என்று போவார்கள். சேதி வராது. கடைசிவரை கல்யாணம் ஆகாமல், தையல் மிஷினோடு இருந்து 2016-ல் இறந்தார். தம்பியின் இனிஷியலை மாற்றிய மாமனுக்கு அக்காளுடையதை மாற்றத் தோன்றவில்லை. பெண்பிள்ளைக்கு எப்படியும் கட்டிக்கொள்பவன் பெயர் வந்துவிடும் என்ற கணக்காக இருந்திருக்கும். அந்தப் பெயர் இருந்ததாலேயே கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை.

ஊருக்கு இனிஷியல் ஒரு பொருட்டே இல்லை. மாமன் ஊரிலும் அந்த வீட்டுக்கு ‘நோட்டீஸ்காரன் வீடு’ என்ற பட்டப்பெயர் பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஐயாவின் மகள், இப்போது நாற்பது வயதைத் தாண்டிய வங்கி ஊழியர், சின்ன வயதில் தன் வீட்டில் ஒரு காலத்தில் சினிமா நோட்டீஸ் அச்சடித்தார்கள் என்றே நினைத்திருக்கிறார். யாரும் திருத்தவில்லை.

அவர் என்னிடம் வந்தது இரண்டு காரணங்களுக்காக. சென்னைப் பதிப்பகம் ஒன்று தாத்தாவின் துப்பறியும் நாவல்களைத் தேடி எடுத்து அழகான அட்டையோடு மறுபதிப்பு போட்டிருந்தது. முன்னுரையில் தாத்தா ‘அதிகாரத்தை அஞ்சாமல் எதிர்த்துச் சிறை சென்ற பத்திரிகையாளர்’ ஆகியிருந்தார். அதே சமயம் ஒரு யூடியூப் வீடியோ, இவர் எழுதியதால் ஒரு பெண் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் விழுந்து செத்தாள் என்று சொல்லி ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு இரண்டையும் நிறுத்த வேண்டும். ‘ஒண்ணு சாமியாக்குது, ஒண்ணு கொலகாரனாக்குது சார். எங்க தாத்தா யாருன்னு எங்களுக்கே இப்பத்தான் தெரியுது’ என்றார்.

கூட வந்த ஐயாவுக்கு எதுவுமே வேண்டாம். ‘வக்கீல் தம்பி, செத்தவர எதுக்குத் தோண்டுறீங்க? எங்க மாமாதான் எனக்கு அப்பா. பேப்பர்லயும் அப்படித்தான இருக்கு?’

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இறந்தவரின் நல்ல பெயர் வாரிசுக்கு இறங்கும் சொத்து இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்கக் கூடாதென்று அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஒருவர் சம்பாதித்த பெயரும் அவருடைய அந்தரங்க உரிமையும் அவரோடு முடிகின்றன, வீடு, நிலம்போல வாரிசு அதைக் கேட்க முடியாது. குற்றவியல் பக்கத்தில் ஒரு சின்ன வாசல் உண்டு. அவதூறு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவின் முதல் விளக்கம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. உயிரோடு இருந்திருந்தால் பெயரைக் கெடுத்திருக்கும் பேச்சு, குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்லப்பட்டிருந்தால் இறந்தவர் விஷயத்திலும் அவதூறாகும். வீடியோக்காரருக்கு இந்தக் குடும்பம் இருப்பதே தெரியாது. நோக்கத்தை எப்படி நிரூபிப்பது?

எழுதிய எழுத்து வேறு கதை. அது வாரிசுக்கு இறங்குகிறது. பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள். முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. தாகூர் இறந்து 50 ஆண்டு முடிந்த சமயத்தில், 1990-களின் தொடக்கத்தில், 60 ஆக்கினார்கள். தாகூருக்காகச் செய்ததில் உசிலம்பட்டிப் பக்கத்து மஞ்சள் பத்திரிகைக்காரரும் பலன் பெற்றார். 1971-ல் இறந்தவரின் நூல்கள் 2031 டிசம்பர் 31 வரை குடும்பத்துக்குச் சொந்தம். இதற்குமேல் 57-ஆவது பிரிவு: நூலைச் சிதைத்து, திரித்து வெளியிட்டால் சட்டப் பிரதிநிதிகள் தடுக்கலாம்.

ஆகச் சட்டத்தின் கணக்கில் நூல் பிள்ளைகளுக்கு வருகிறது, பெயர் வருவதில்லை. ஊரின் கணக்கு நேர் தலைகீழ். அக்காளுக்கு எழுபது வருடம் பெயர் மட்டும் வந்தது. நூலில் இருந்து ஒரு ரூபாய் வரவில்லை. நான் இந்த வழக்கை எழுத உட்கார்ந்ததே இந்த முரணுக்காகத்தான். அவமானத்தை மறைக்கக் குடும்பம் செய்த காரியம்தான் அவர்களுடைய ஒரே சட்ட உரிமையையும் அறுத்திருந்தது. பதிப்பகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது (வேறு வார்த்தை இல்லை, நாங்களும் நோட்டீஸ்தான் அனுப்புகிறோம்) அவர்கள் மறுப்பாகச் சொன்னது ஒன்றுதான்: ‘நீங்கள் அவருடைய வாரிசு என்பதற்கு என்ன ஆதாரம்?’ நியாயமான கேள்வி. ஐயாவின் எல்லாக் காகிதமும் அவர் வேறொருவரின் மகன் என்றது. அப்பா பெயரைத் தாங்கிய ஒரே காகிதம் அக்காளுடையது, அக்கா போய்விட்டார்.

பதிப்பகத்திடமும் காகிதம் எதுவும் இல்லை. ‘ஆள் யாரும் இல்லைன்னு நெனச்சோம்’ என்றார்கள். ஆள் இல்லாத நூலை அச்சிடவும் வழி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 31-ஏ பிரிவில் விண்ணப்பித்து, நாளிதழில் விளம்பரம் கொடுத்து, உரிமம் வாங்கிச் செய்யலாம். நம் ஊர்ப் பதிப்பகங்களில் பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் மெனக்கெடுவதில்லை.

வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் போனால், ஆவணங்கள் முரண்படுகின்றன, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பிவிட்டார்கள். இன்னார் இன்னாருடைய மகன் என்று கோர்ட்டே அறிவிக்கும் விளம்புகை கேட்டு வழக்குப் போட்டோம். மாமனின் பிள்ளைகளைப் பிரதிவாதிகளாகச் சேர்த்தோம். காகிதப்படி ஐயா அவர்களுக்குக் கூடப்பிறந்தவர் ஆயிற்றே. ஐயா இதற்குச் சம்மதித்ததே மகளுக்காகத்தான். ‘என் காலத்துக்கு அப்புறம் இவ அலையக் கூடாது’ என்றார்.

சாட்சியத்தில் பெரிய ஆயுதம் எங்கள் கண்முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. ஐயாவின் மனைவி. அவர் வேறு யாருமில்லை, அந்த மாமனின் மூத்த மகள். பள்ளிச் சான்றிதழ் உண்மையென்றால் அண்ணனும் தங்கையும் கல்யாணம் செய்துகொண்டு ஐம்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஆகும்! முறை பார்க்காமல் இந்தப் பக்கம் ஒரு கல்யாணம் நடக்குமா? ஊரே வந்து சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. உறவைப் பற்றி நெருங்கியவர்களின் நடத்தை காட்டுவதைச் சாட்சியச் சட்டம் ஏற்கிறது. மாமனின் மகன் கூண்டில் ஏறி, ‘எனக்கு மச்சான் முறைங்க. எங்கப்பா வளத்தாரு, பெத்தது எங்க அத்தை’ என்று சொன்னபோது நீதிபதியே சிரித்துவிட்டார். ஓய்வூதியம் வாங்கும்போது கணவன் மனைவி இருவருக்கும் ஒரே தகப்பன் பெயரா என்று கருவூலத்தில் ஒரு குமாஸ்தா கேட்டிருக்கிறார். ‘எங்க ஊர்ல அந்தப் பேரு நெறைய’ என்று ஐயா சமாளித்திருக்கிறார்.

இரண்டாவது ஆதாரம் அக்காளின் தகரப் பெட்டியில் கிடைத்தது. 1951-ஆம் வருடத்து மொய் நோட்டு. நீளவாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு, மஞ்சள் தடவிய நாலு மூலையும் இப்போது காவி நிறம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே நீல மையில் ‘எனது குமாரன் சிரஞ்சீவி’ என்று பையன் பெயரும் ‘காதணி விழா மொய் விபரம்’ என்ற தலைப்பும். எழுதியவர் தாத்தாவேதான், சிறைக்கு முந்தைய கடிதங்களில் உள்ள அதே கையெழுத்து. முதல் வரவு: ‘தாய்மாமன்’ என்று போட்டு, மாமனின் பெயர், ஊர், கடுக்கன் ஜோடி ஒன்று, வேட்டி துண்டு, கிடாய் ஒன்று. அதற்குக் கீழே ஒரு ரூபாய், எட்டணா, நாலணா என்று பக்கம் பக்கமாக ஊர்க்காரர்கள். பையன் யாருடைய மகன், மாமன் யார் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பக்கத்தில் பதில். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்து வந்தது என்பதால் நிரூபிப்பதிலும் சிரமம் இல்லை. மொய் நோட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள் என்று வருகிற கட்சிக்காரர்களிடமெல்லாம் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்முறைக் கடனுக்காக வைத்திருப்பார்கள். அதற்கு இப்படியும் ஓர் உபயோகம்.

டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, கிடைத்தது. பதிப்பகம் இறங்கி வந்தது.

நடுவில் மகள் ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் பற்றிப் படித்துவிட்டு வந்து பேசினார். பொருத்தம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. 1895 மே மாதம் ஒருபால் உறவுக்காக வைல்டுக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல். மனைவி கான்ஸ்டன்ஸ் சிரில், விவியன் என்ற இரண்டு மகன்களோடு வெளிநாடு போய்க் குடும்பப் பெயரை ஹாலந்து என்று மாற்றிக்கொண்டார். அது அவருடைய பிறந்த வீட்டு வழியில் வந்த பெயர். அண்ணன் ஓத்தோவின் நடுப்பெயரும் அதுதான். அங்கேயும் தாய்மாமன் பக்கத்துப் பெயரே கைகொடுத்தது. மூத்தவன் சிரில், அப்பா பெயரில் விழுந்த கறையைத் துடைப்பதே தன் வேலை என்று தம்பிக்கு எழுதியவன், பட்டாளத்தில் சேர்ந்து 1915-ல் பிரான்ஸில் குண்டடிபட்டுச் செத்தான். நூலுரிமையைத் திவாலில் இருந்து மீட்டுப் பிள்ளைகளிடம் சேர்த்தது ராபர்ட் ராஸ் என்ற நண்பர். 1906 வரை அதற்காக உழைத்தார். நம் தாத்தாவுக்கு அப்படி ஒரு நண்பர் இருந்திருந்தால் அக்காளின் தையல் மிஷினுக்கு ஒரு மோட்டாராவது வந்திருக்கும். வைல்டின் பேரன் மெர்லின் ஹாலந்து தாத்தாவைப் பற்றியே வாழ்நாள் முழுதும் எழுதுகிறார். பெயரை மட்டும் ஹாலந்து என்றே வைத்திருக்கிறார். 1895-ல் ரத்தான வைல்டின் நூலக அட்டையை 2025-ல் பிரிட்டிஷ் நூலகம் புதிதாக அச்சிட்டு அவர் கையில் கொடுத்தது.

‘அப்ப நமக்கும் ஒரு நாள் அப்படி வருமா சார்?’ என்று கேட்டார். வராது என்றுதான் சொன்னேன். வைல்ட் செய்தது இன்று குற்றமே இல்லை. இங்கேயும் 2018-ல் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவில் இருந்து அதை எடுத்துவிட்டது. காலம் மாறி, தண்டித்தவர்கள்தான் இப்போது தலைகுனிகிறார்கள். உங்கள் தாத்தா செய்தது அன்றும் குற்றம், இன்றும் குற்றம், நூறு வருடம் கழித்தும் குற்றமாகத்தான் இருக்கும். அவருக்குப் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. மகளுக்கு இது கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஐயா தலையை ஆட்டினார். அன்றுதான் முதல்முறையாக இந்த வழக்கில் அவருக்கு அக்கறை வந்தது என்று நினைக்கிறேன்.

தெப்பக்குளத்துக் கதை பொய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண் குளத்தில் விழவில்லை. குடும்பத்தோடு சிவகங்கைப் பக்கம் போய், பிள்ளை குட்டி பெற்று, வயதாகித்தான் இறந்தார். ஐயா அந்தச் சாவுக்குப் போயிருக்கிறார். யாரென்று சொல்லாமல் மாலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். இதை அவர் மனைவிக்குக்கூட அதுவரை சொன்னதில்லை.

பதிப்பகம் ஒப்பந்தத்துக்கு வந்தபோது இன்னொரு யோசனையையும் கொண்டுவந்தது. விற்றதற்கும் இனி விற்பதற்கும் பத்து சதவீத ராயல்டி, அது சரி. கூடவே அந்த வார இதழ்க் கட்டுரைகளையும் ‘சமூக ஆவணம்’ என்று ஒரு தொகுதியாகப் போடலாம் என்றார்கள். நல்ல விற்பனை இருக்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஐயா ஒரே வார்த்தையில் மறுத்தார். பெண்களின் பெயரும் தெருவும் அதில் அப்படியே இருக்கின்றன; அவர் புரட்டிப் பார்த்திருக்கிறார். பதிப்புரிமை என்பதில் வெளியிடாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். பணத்துக்காக வாங்கிய டிகிரி அல்ல அது என்று ஐயாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அடுத்தவர்களின் பாட்டிகளைக் காப்பாற்ற அவர் கையில் இருந்த ஒரே கருவி அது.

முன்னுரையைத் திருத்துவதில்தான் நேரம் போனது. பதிப்பகம் அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பை ஐயா சிவப்புப் பேனாவால் பரீட்சைத்தாள் போலவே திருத்தினார். ‘அதிகாரத்தை அஞ்சாமல் எதிர்த்து’ அடிபட்டது. ‘சூழ்நிலைக் கைதியாகி’ அடிபட்டது. ‘சிறை சென்றார்’ என்பதற்கு மேலே, ‘பணம் கேட்டு மிரட்டிய குற்றம் நிரூபிக்கப்பட்டு 1955-இல் தண்டிக்கப்பட்டார்’ என்று எழுதினார். ஓரத்தில் சந்திப்பிழை இரண்டு. மேல்முறையீட்டுக்காக வாங்கிய தீர்ப்பு நகல் தகரப் பெட்டியிலேயே இருந்தது. ஒவ்வொரு வரியையும் அதோடு ஒப்பிட்டார். பதிப்பகத்துக்குச் சந்தோஷம், இதையே பின்னட்டையில் பெரிதாகப் போடலாமா என்றார்கள். அதற்கும் ‘கூடாது’. உள்ளே, கதைக்கு முன்னால், சின்ன எழுத்தில். மறைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்பது அவர் நிலை. குறிப்பின் கடைசி வரியாக, ‘இவருக்கு ஒரு மகள், ஒரு மகன்’ என்று சேர்த்தார். அக்காளின் பெயர் முதலில், அப்பாவின் இனிஷியலோடு. தன் பெயர் பின்னால், மாமனின் இனிஷியலோடு. படிக்கிறவர்கள் குழம்புவார்களே என்றேன். ‘குழம்பட்டும் தம்பி’ என்றார்.

நாவல்களை நாட்டுடைமை ஆக்கக் கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுக்கும், அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். யார் வேண்டுமானாலும் என்பதே இங்கே சிக்கல் என்பதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது. வீடியோ இன்னும் இருக்கிறது. தீர்ப்பு நகலை இணைத்து, அந்தப் பகுதியை நீக்கக் கேட்டு எழுதியிருக்கிறோம். கிரிமினல் புகார் வேண்டாம் என்பது குடும்பத்தின் முடிவு.

தீராமல் இருப்பது வார இதழ்க் கட்டு. 2032 ஜனவரி முதல் தேதி அதற்கும் பதிப்புரிமை போய்விடும். பிரதி கையில் இருப்பவர் அச்சிடலாம். ஐயாவுக்கு அதைக் கொளுத்திவிட ஆசை. கூடாது என்றேன். நாளை இன்னொரு வீடியோ இன்னும் இரண்டு பெண்களைக் குளத்தில் தள்ளினால் இல்லை என்று சொல்ல அதுதான் ஆதாரம். மகள், வைல்ட் சிறையில் எழுதிய கடிதத்தை ராஸ் 1909-ல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஐம்பது வருடம் யாரும் பார்க்கக் கூடாதென்று பூட்டிவைத்ததுபோல, ஏதாவது ஒரு நூலகத்தில் நிபந்தனையோடு ஒப்படைக்கலாம் என்கிறார். எந்த நூலகம் அந்த நிபந்தனையை எழுத்தில் ஏற்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை கட்டு மகளின் வங்கி லாக்கரில் இருக்கிறது. சாவி தன்னிடமும் ஒன்று வேண்டும் என்று ஐயா பிடிவாதம். கூட்டுப் பெயரில் மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ஆதாரில் உள்ள தகப்பன் பெயரும் மகள் படிவத்தில் எழுதிய தாத்தா பெயரும் ஒத்துப்போகவில்லை என்று வங்கி டிகிரி நகல் கேட்டிருக்கிறது.